தர்சியின் இறுதியாட்டமும் றொசாலியாவின் மலையும்

பலெர்மோவின் விமான நிலையத்தைக் கடலுக்கும் ஒரு மொட்டைப் பாறைமலைக்கும் இடையில் நெருக்கிப் போட்டிருக்கிறார்கள். கடலைப் பார்க்கும் ஆசையில் சன்னலோர இருக்கை கேட்டு வாங்கியிருந்தேன். இறங்கும்வரை எனக்குத் தெரிந்தது கல் மட்டுமே. அந்த ஊரில் நான் தங்கிய நாட்களுக்கு அதுவே முன்னுரை என்று அப்போது தெரியவில்லை.

கலாக்கா என் பெரியப்பாவின் மகள். யாழ்ப்பாணத்திலிருந்து திருமணமாகிப் பலெர்மோவுக்குப் போய்ச் சேர்ந்தவர், கால்சா பகுதியில் ஒரு சீமாட்டியின் வீட்டைத் துடைத்து, சமைத்து, பராமரித்து வருகிறார். அவருடைய ஒரே மகள் தர்சிகாவுக்குப் பதினான்கு வயது. சிசிலித் தீவின் இளையோர் டென்னிஸ் போட்டியில் அவள் அரையிறுதிவரை வந்துவிட்டாள். வட இத்தாலியில் உள்ள, பிள்ளைகள் தங்கி டென்னிஸ் பயிலும் ஒரு நிலையத்திலிருந்து ஒருவர் அந்தப் போட்டியைப் பார்க்க வருவதாகவும், பிடித்துப்போனால் ஒரு பெண்ணை அங்கே எடுத்துக்கொள்வார்கள் என்றும் செய்தி. நான் கொழும்பில் பாடசாலைப் பெண்களுக்கு டென்னிஸ் பயிற்றுவிப்பவள். கலாக்கா தொலைபேசியில், “நீ வந்து அவளோடை ஒரு கிழமை நில் பிள்ளை, உனக்குத்தான் உது விளங்கும்,” என்றார். சமூகவியல் படித்த புத்தி உடனே மறுபக்கத்தையும் பார்த்தது: பதினான்கு வயதுப் பெண்ணைப் பெற்றோர் எளிதில் போய்ப் பார்க்க முடியாத தூரத்துக்கு அனுப்ப நானும் கைகொடுக்கிறேனா? விடை கிடைக்குமுன்னே விடுப்பு கிடைத்துவிட்டது.

அழைத்துப்போகக் கலாக்காவின் கணவர் வரதன் அத்தான் இரவல் காரில் வந்தார். கபோ சந்தைக்கு அருகே, அவர்கள் குடியிருக்கும் சந்தின் வாயிலில், ஒருவர் தன் வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டுப் போயிருந்தார். அத்தான் ஒலிப்பானை ஒருமுறை அழுத்திவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டார். மேலே ஒரு மாடத்தில் பனியன் அணிந்த மனிதர் தோன்றி, காப்பிக் கோப்பையை உயர்த்திக் காட்டி, குடித்து முடித்ததும் வருவதாகச் சொன்னார். கொழும்பில் இதற்கு ஒரு கைகலப்பு நடந்திருக்கும். அத்தான் சொன்னார்: “இஞ்சை அவசரப்பட்டா நாங்கள்தான் வெளிநாட்டுக்காரர் எண்டு தெரிஞ்சிடும்.”

வீடு நான்காம் மாடியில். கீழே சந்தையில் மீன் விற்பவர்களின் கூவல் சுவரேறி வந்து சமையலறையில் விழுகிறது. அலமாரியின் மேல்தட்டில் பிள்ளையார், நல்லூர் முருகன் படம், அவர்களுக்கு நடுவே ரோஜாமாலை சூடிய சாந்தா றொசாலியா. ஊரின் காவல் புனிதை. சைவக் குடும்பமான இவர்கள், அந்த மூவருக்கும் ஒரே சாம்பிராணியைக் காட்டுகிறார்கள். இரவு புட்டும் சாளைமீன் குழம்பும். குழம்பில் கறிவேப்பிலைக்குப் பதிலாகக் காட்டுப் பெருஞ்சீரகத் தழை மிதந்தது. நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு வாயிலும் ஏதோ ஒன்று இல்லை என்று நாக்கு சொல்லிக்கொண்டே இருந்தது.

மறுநாள் பயிற்சிக்கு பிரான்காச்சோவுக்குப் பேருந்தில் போனோம். நகரின் கிழக்கு விளிம்பில், அரசாங்க அடுக்குமாடிகளும் சிறு பட்டறைகளும் நிறைந்த பகுதி. பாதி வழியில் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி இயந்திரத்தை அணைத்தார். கோளாறு என்றார். பின்னிருக்கையில் ஒரு மூதாட்டி, கோளாறு பேருந்துக்கா அவருக்கா என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை, அது அவர்கள் நாள்தோறும் கேட்டுக்கொள்ளும் கேள்வி போலும். தர்சி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு “அமுனி, சித்தி,” என்றாள். அமுனி என்றால் இந்த ஊர்ப் பேச்சில் ‘நடப்போம், வா’. வெயிலில் நடந்தோம். வழியில் ஒரு தள்ளுவண்டியில் பனெல்லே வாங்கித் தந்தாள்: கடலைமாவைக் களியாகக் கிண்டி, ஆறவைத்து, மெல்லிய துண்டுகளாக வெட்டிப் பொரித்து, பாண் ரொட்டிக்குள் வைத்துத் தருவது. நம் கடலைமாப் பலகாரங்களுக்குத் தூரத்து உறவு. உறைப்பு மட்டும் வழியிலேயே தொலைந்துவிட்டது.

மைதானத்தில் அவளுடைய பயிற்சியாளர் சாரோ காத்திருந்தார். டென்னிஸ் கற்பிப்பவரை இத்தாலியில் மாயெஸ்த்ரோ என்று அழைக்கிறார்கள். சங்கீத வித்துவானுக்குரிய பட்டம், கிழிந்த வலைக்கும் செம்மண் தூசிக்கும் நடுவே நிற்கும் கனத்த மனிதருக்கு. தர்சியின் கையில் குறை ஒன்றும் இல்லை என்று அவர் சொன்னார். “அவள் வாயில்தான் குறை. நீங்களே பாருங்கள்.”

பார்த்தேன். இளையோர் ஆட்டங்களில் கோடு பார்க்க நடுவர் நிற்பதில்லை. தன் பக்கம் விழும் பந்து உள்ளேயா வெளியேயா என்பதை ஆடுபவரே உரக்கச் சொல்ல வேண்டும். செம்மண்ணில் பந்து தடம் விட்டுப் போகும். தகராறு வந்தால் தடத்தைக் காட்டலாம். தர்சியின் பக்கம் கோட்டுக்கு வெளியே ஒரு விரற்கடை தள்ளி விழுந்த பந்துகளை அவள் தடத்தைப் பார்த்துவிட்டும் பேசாமல் எதிராளிக்கே விட்டுக்கொடுத்தாள். தான் ஒரு பந்தை அடித்து வென்றால் மட்டையைச் சற்றே உயர்த்தி மன்னிப்புக் கேட்டாள். அழகான முன்கை வீச்சு. அதன் வாலில் ஒரு மன்னிப்பு.

இது எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கச் சிறிது நேரம் பிடித்தது. சிறு வயதில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் கலாக்கா அவளைச் சீமாட்டி வீட்டுக்குக் கூட்டிப் போயிருக்கிறார். பளிங்குத் தரையில் சத்தமின்றி நடக்க, கேட்டால் மட்டும் பேச, தன் பொருள் அல்லாததைத் தொடாதிருக்க அவள் அங்கே பழகினாள். இவ்வளவு அமைதியான குழந்தையைத் தான் கண்டதில்லை என்று சீமாட்டி புகழ்ந்ததைக் கலாக்கா இன்றைக்கும் பெருமையோடு சொல்கிறார். ஒரு வீட்டில் பிழைக்கக் கற்ற ஒழுக்கம் மைதானத்தில் தோல்வியாக மாறுகிறது. இதைக் கலாக்காவிடம் சொல்லவும் முடியாது. அந்த ஒழுக்கம்தான் அந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்டது.

ஆகவே நான் வீச்சையோ கால்வேகத்தையோ தொடவில்லை. கோட்டுக்குச் சற்று வெளியே வேண்டுமென்றே பந்துகளை அடித்தேன். வெளியே என்பதற்கு இத்தாலியச் சொல் ‘ஃபுவோரி’. தெருவுக்கு அப்பால் உள்ள பட்டறைக்குக் கேட்கும்படி அவள் அதைச் சொல்லாதவரை அடுத்த பந்து கிடையாது என்றேன். முதல் நாள் முணுமுணுத்தாள். இரண்டாம் நாள் குரல் வலைவரை வந்தது. மூன்றாம் நாள், பட்டறையில் ஒரு காரின் அடியில் கிடந்த மெக்கானிக் அங்கிருந்தே “ஃபுவோரி” என்று திருப்பிக் கூவினார். அதன்பின் அது இருவருக்கும் விளையாட்டாகிவிட்டது. ஒருமுறை அவர் உருண்டு வெளியே வந்து, இது உள்ளே, நான் பார்த்தேன் என்று வாதாடினார். தர்சி இடுப்பில் கைவைத்து, கார் எண்ணெய் கண்ணை மறைக்கிறதா என்று கேட்டாள். அவள் ஒருவரை எதிர்த்துப் பேசி நான் கேட்டது அதுவே முதல் முறை.

சனிக்கிழமை அரையிறுதி. முடியும் தறுவாயில் எதிராளியின் பந்து கோட்டை ஒட்டி வெளியே விழுந்தது. தர்சி சொன்னாள், உரக்கச் சொன்னாள். எதிராளியின் தந்தை கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு, இந்தப் பிள்ளைக்குக் கண் தெரியுமா என்று கேட்டார். அவள் அவர் பக்கம் திரும்பாமல் நடந்து போய், தடத்தைச் சுற்றி மட்டையால் ஒரு வட்டம் போட்டுவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பினாள். சாரோ என் காதருகே, “இதற்காகத்தான் நீங்கள் கடல் கடந்து வந்தீர்கள்,” என்றார். அவள் வென்றாள். வடக்கிலிருந்து வந்திருந்த தேர்வாளர், குட்டை முடி வைத்த அமைதியான பெண்மணி, மறுநாள் இறுதியாட்டத்தையும் பார்த்துவிட்டுப் பேசுவதாகச் சொல்லிப் போனார். அந்த மாலை ஒன்றுதான் அந்தப் பயணத்தில் நான் பாரமின்றி இருந்த பொழுது. அது இரவுச் சாப்பாடுவரை நீடித்தது.

“விடிய மலைக்குப் போறம்,” என்றார் கலாக்கா, தட்டில் சோற்றைப் போட்டபடி.

பெல்லெக்ரீனோ மலையின் உச்சியில் ஒரு குகை. அதில்தான் றொசாலியா வாழ்ந்து மறைந்ததாக நம்பிக்கை. பலெர்மோத் தமிழர், சைவரும் கத்தோலிக்கரும், ஞாயிறுகளில் அங்கே ஏறுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். கலாக்கா நேர்த்தி வைத்திருந்தார்: தர்சி இறுதிக்கு வந்தால், அந்த ஆட்டத்துக்கு முன் வெறுங்காலில் மலையேறுவதாக.

“பின்னேரம் ஆட்டம் கிடக்கு அக்கா. முடிஞ்சாப் பிறகு ஏறலாமே?” என்று கேட்டேன்.

“பிறகு எண்டு நேரேல்லை. முந்தி எண்டுதான் நேர்ந்தனான்.”

“உந்த முழங்காலோடை எங்கை ஏறப் போறாய்?” என்றார் வரதன் அத்தான். “றொசாலியா உன்னைத் தூக்கிக்கொண்டே போவா?”

“ஏறுவன். இல்லாட்டி ஆர் ஏறுறது?”

தர்சி தட்டிலிருந்து நிமிராமல் சொன்னாள்: “நான் வெறுங்காலோடை ஏறுறன். அம்மா சப்பாத்தோடை மெல்லமா வரட்டும்.”

நான் மறுத்தேன். கால்தான் டென்னிஸ்காரிக்கு மூலதனம் என்றேன். கலாக்கா என்னை வியப்போடு பார்த்தார். “நாங்கள் நல்லூரிலை மத்தியான வெயிலுக்கை சுடுமண்ணிலை நடந்த ஆக்கள். எங்கடை பிள்ளைக்குக் கால் என்ன செய்யும்?”

அன்று நான் கணக்குப் போட்ட விதம் இது. கலாக்கா வெறுங்காலில் ஏறினால் முழங்கால் வீங்கும். திங்கட்கிழமை சீமாட்டி வீட்டின் படிகளில் ஏற முடியாது. அந்த வேலைக்கு வேறொருத்தி வரச் சில நாட்கள் போதும். யாருமே ஏறாமல் தர்சி தோற்றால், அந்தத் தோல்விக்கு நேர்த்தி தவறியதே காரணம் என்று தாயும் மகளும் வாழ்நாள் முழுவதும் நம்புவார்கள். அதிகாலையில் ஏறி, உச்சியிலிருந்து பேருந்தில் இறங்கிவிட்டால் கால் ஆற அரைநாள் இருக்கிறது. எல்லாப் பக்கமும் எடைபோட்டு நான் இசைந்தேன். எடைபோட்ட தராசில் ஒன்றை வைக்க மறந்தேன். கலாக்கா சொன்ன ‘எங்கடை’ என்ற சொல்லை நானும் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டேன்.

ஞாயிறு விடிந்தபோது வானம் மஞ்சளாக இருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து மணலைச் சுமந்து வரும் ஷிரோக்கோ காற்று. அடுப்பைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்தச் சூடு. அதோடு மூக்கில் தூசி. அத்தானுக்கு உணவகத்தில் வேலை, எங்களை அடிவாரத்தில் இறக்கிவிட்டுப் போனார். அங்கே மெழுகுதிரியும் பூவும் விற்கும் பெண்ணிடம் காலணிகளை விட்டுவிட்டு ஏறுவது வழக்கம். தர்சி கழற்றினாள். அவளைத் தனியே விடக் கூடாது என்று நானும் கழற்றினேன். அது தோழமை என்று நினைத்தேன். அணிந்துகொண்டு போயிருந்தால் இறங்கும்போது அவளுக்குக் கழற்றிக் கொடுத்திருக்கலாம்.

பாதை கல் பாவியது. வளைந்து வளைந்து ஏறுகிறது. எங்களுக்கு முன்னே மன்னாரிலிருந்து வந்த ஒரு குடும்பம் செபமாலை சொல்லிக்கொண்டு ஏறியது. பின்னே நான்கைந்து சிசிலியப் பெண்கள், அவர்களும் வெறுங்காலில், யாருடைய மருமகளையோ கடுமையாக விமர்சித்துக்கொண்டு வந்தார்கள். கலாக்கா கைப்பிடிச் சுவரைப் பற்றி மெல்ல ஏறினார். கீழே துறைமுகமும் நகரமும் மஞ்சள் புழுதிக்குள் மங்கிக் கிடந்தன.

குகைக்குள் குளிர்ச்சி. பாறையிலிருந்து சொட்டும் நீரைத் தகரப் பீலிகள் வளைந்து வளைந்து ஏந்திக் கொண்டுபோகின்றன. சுவரெங்கும் நிறைவேறிய வேண்டுதல்களுக்கான காணிக்கைகள்: வெள்ளித் தகட்டில் கை, கால், கண், இதயம். கலாக்கா கண்களை மூடி, உதடுகள் அசைய, நெடுநேரம் நின்றார். தர்சி என்னிடம் மெதுவாக, “அம்மா எப்பவும் இப்படித்தான், லிஸ்ட் பெரிசு,” என்றாள்.

வெளியே வந்தால் பேருந்து இல்லை. காத்திருந்தோம். ஞாயிறல்லவா, வந்தால் வரும் என்றார் கடைக்காரர். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அத்தானின் தொலைபேசி சமையற்கட்டின் இரைச்சலில் ஒலித்து ஓய்ந்தது. கடைசியில் நடந்தோம். ஏறும்போது குளிர்ந்திருந்த கற்கள் இப்போது தோசைக்கல். கலாக்கா தன் சப்பாத்தைக் கழற்றி நீட்டினார். தர்சியின் பாதம் அதற்குள் பாதிதான் போனது. என் கழுத்துத் துணியைக் கிழித்துக் கட்டினேன். இரண்டு வளைவுகளுக்குள் நழுவிவிட்டது. அவள் ஒரு சொல்லும் சொல்லாமல் நடந்தாள். பளிங்குத் தரையில் பழகிய அதே நடை.

அடிவாரத்தில் உட்கார்ந்து பார்த்தோம். எனக்கு ஒன்றுமில்லை, யாழ்ப்பாணத்து மணலில் வளர்ந்த உள்ளங்கால், கொஞ்சம் சிவந்திருந்தது, அவ்வளவுதான். அவளுடைய இரு பாதங்களிலும் விரல்களுக்குக் கீழே முன்பாதம் முழுவதும் கொப்புளம். பிறந்த நாள் முதல் காலுறைக்குள்ளும் சப்பாத்துக்குள்ளும் இருந்த கால்கள் அவை. கலாக்கா அந்தப் பாதங்களை மடியில் வைத்துக்கொண்டு, முன்பின் காணாத பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

ஆட வேண்டாம் என்றேன். அவள் “அமுனி,” என்றாள்.

இறுதியாட்டத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. மருந்திட்டு, கட்டுப்போட்டு, இரட்டைக் காலுறை அணிந்து இறங்கினாள். முதல் செட்டை வென்றாள். வலியை அவள் விழுங்கிக்கொள்கிறாள் என்பது எனக்கும் சாரோவுக்கும் மட்டுமே தெரிந்திருக்கும். இரண்டாவதில் பக்கவாட்டில் சறுக்கி நிறுத்த வேண்டிய இடங்களில் கால் ஊன்ற மறுத்தது. மூன்றாவதில் பந்தைத் துரத்துவதை விட்டுவிட்டு, எட்டிய பந்தை மட்டும் அடித்தாள். தோல்வியின் விளிம்பில் ஒரு பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தது. மைதானம் முழுக்கக் கேட்க “ஃபுவோரி” என்றாள். எதிராளி தடத்தைப் பார்த்துத் தலையசைத்தாள். நான் கற்பித்தது பலித்தது. அதற்கடுத்த இரண்டு பந்துகளில் ஆட்டம் முடிந்தது.

தேர்வாளர் வந்து, காலுக்கு என்ன என்று பரிவோடுதான் கேட்டார். தர்சி தாயின் முகத்தைப் பார்த்தாள். கலாக்காவுக்கு இத்தாலியன் நன்றாகவே புரியும்.

“புதுச் சப்பாத்து,” என்றாள் தர்சி. செம்மண் ஏறிய சப்பாத்தில் புதியது பழையது தெரியாது.

தேர்வாளர் அந்தச் சப்பாத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு, இறுதியாட்டத்துக்குப் புதிய சப்பாத்து அணியக் கூடாது என்பது தங்களிடம் வருகிற பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும் என்றார். குரலில் கடுமை இல்லை. வென்ற பெண்ணின் பெற்றோரை நோக்கிப் போனார்.

நான் அவர் பின்னால் போக எழுந்தேன். சாரோ என் கையைப் பிடித்தார். ஆட்டத்துக்கு முன் தர்சியின் காலைப் பார்த்தவுடனேயே அவர் கண்டுகொண்டார்; “மலையா?” என்று அவளிடம் கேட்டு, அவள் தலையசைக்கவும் வேறொன்றும் கேட்கவில்லை. அவருடைய தாயும் அந்தக் கற்களில் வெறுங்காலில் ஏறியவளாம். “என்ன சொல்லப் போகிறீர்கள்?” என்றார் என்னிடம். “ஆட்டத்தன்று பிள்ளையை வெறுங்காலில் மலையேற்றினோம் என்றா? தெற்கே இருக்கும் எங்களையே அங்கே காட்டுமிராண்டிகள் என்று நினைக்கிறவர்கள் உண்டு. உங்களைப் பற்றி என்ன நினைப்பார்கள்? சப்பாத்து என்றால் பிள்ளைக்கு அனுபவம் இல்லை. மலை என்றால் வீடே சரியில்லை. அடுத்த ஆண்டு அனுபவமில்லாத பிள்ளையை மறுபடி பார்ப்பார்கள். வீடு சரியில்லாத பிள்ளையைப் பார்க்க மாட்டார்கள்.” நான் உட்கார்ந்தேன். அவர் சொன்னது சரியா என்று இன்றும் எனக்குத் தெரியாது. அந்த வயதில் ஓராண்டு எவ்வளவு நீளம் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

திங்கட்கிழமை காலை கலாக்கா வேலைக்குப் புறப்படுமுன் சமையலறையில் எனக்குத் தேநீர் ஊற்றினார். அன்று அலமாரியில் சாம்பிராணி ஏற்றவில்லை. கோப்பையை என் முன் வைத்துவிட்டு நின்றுகொண்டே பேசினார்.

“நான் ரெண்டு கேட்டனான், பிள்ளை.”

எனக்கு விளங்கவில்லை.

“அவள் வெல்லவேணும் எண்டும் கேட்டனான். என்னை விட்டுட்டுத் தூரப் போகக் கூடாது எண்டும் கேட்டனான். நேர்த்தி வைக்கேக்கையும் ரெண்டும்தான், நேற்று அங்கை நிண்டும் ரெண்டும்தான்.” கைப்பையின் வாரைச் சரிசெய்தார். “றொசாலியா ஒண்டைத் தந்திட்டா.”

ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். எதற்கு ஆறுதல் சொல்வது, கிடைத்ததற்கா கிடைக்காததற்கா என்று தெரியாமல் தேநீரைக் குடித்தேன். அவர் படியிறங்கும் ஓசை கேட்டது. முழங்காலுக்காக ஒவ்வொரு படியிலும் இரு காலையும் வைத்து வைத்து இறங்கினார்.

விமான நிலையப் பேருந்துவரை தர்சி வந்தாள். கட்டுப்போட்ட பாதங்களில் தந்தையின் பெரிய செருப்பு. காற்று ஓய்ந்திருந்தது, கார்களின் மேலெல்லாம் சிவந்த தூசி படிந்திருந்தது. அவள் ஒரு காரின் கண்ணாடியில் விரலால் சிறு வட்டம் போட்டாள், பந்தின் தடத்தைச் சுற்றிப் போடுவதுபோல.

“சித்தி, அம்மா என்னத்துக்கு நேர்ந்தவா? நான் வெல்லத்தானே?”

சொல்லியிருக்கலாம். அவளுக்குத் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது. தெரிந்தால், தாயோடு ஒரே வீட்டில் அவள் இனி எப்படி இருப்பாள் என்பதும் இருக்கிறது. இரண்டையும் எடைபோட எனக்கு ஒரு பேருந்து வரும் நேரமே கிடைத்தது.

“ஓம்,” என்றேன். “நீ வெல்லத்தான்.”

அவள் தலையசைத்தாள். பேருந்தின் கதவு திறந்தது. என் பையை அவளே தூக்கி உள்ளே வைத்தாள்.

“அப்ப அடுத்த வருசமும் நானே ஏறுறன்,” என்றாள். “அம்மாவுக்கு முழங்கால் ஏலாது.”